வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன்

(இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊராட்சிகளின் உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



அண்மையில் கூடிய கிராம சபைகளில் கடலோர ஊராட்சிகள் மூன்றிலிருந்து ஒரே வகையான வேண்டுகோள் எழுந்தது. “எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கோமாளி மீன் வளர்க்கும் தொழிலை ஏற்படுத்தித் தரவேண்டும், தொட்டி கட்டக் கடனும் மானியமும் வழங்கவேண்டும்” என்பதே அது. வேண்டுகோள் நியாயமானதே. ஆயினும் அத்தொழிலில் உழைப்பு எவ்விடத்தில் இருக்கிறது, நஷ்டம் எவ்விடத்தில் பதுங்கியிருக்கிறது என்பதை அறியாமல் ஒரு குடும்பம் கடனேற்பதை நான் விரும்பவில்லை. அவ்விரண்டையும் இன்று விளக்கமாக எடுத்துரைக்க எண்ணுகிறேன். கேட்டபின் முடிவு செய்யவேண்டியவர்கள் நீங்களே.

இவ்வேண்டுகோளின் காரணம் நமக்குத் தெரியாததன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது 2017 முதல் நமது கீழைக் கரையில் விதி. படகுக் கூலியை நம்பிய வீடுகளில் அந்நாட்களில் அடுப்பெரிவதே அரிது. தீவோரங்களில் மூழ்கிக் கடற்பாசி சேகரித்துப் பிழைத்து வந்த பெண்களுக்கோ, 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னர் அத்தொழிலிலும் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலிருந்தபடியே, ஆண்டு முழுதும் செய்யக்கூடிய உபதொழில் ஒன்று வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

முதலில் இம்மீனைப் பற்றிச் சொல்லுகிறேன். கோமாளி மீன் பெரும்பாலும் அரைச் சாணுக்கு மேல் வளராத சிறு மீன். உண்பதற்கு உதவாது, கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படுவது. செம்மஞ்சள் உடலில் மூன்று வெண்பட்டைகள் கொண்ட வகையையே நகரத்துச் சிறுவர் யாவரும் அறிவர். 2003-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தினால் ‘நீமோ’ என்ற பெயரும் அதற்கு நிலைத்துவிட்டது. அவ்வகை நம் நாட்டில் அந்தமான் கடலில் வாழ்கிறது. நமது மன்னார் வளைகுடாவில் வாழ்வது ‘செபே’ என்னும் வகை. கருமை கலந்த உடலும் இரண்டு வெண்பட்டைகளும் மஞ்சள் வாலும் உடையது. அழகில் இது குறைந்ததென்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் சந்தையில் செம்மஞ்சளுக்கே கேட்பவர் மிகுதி.

கடலில் இது கடற்சாமந்தியின் நடுவே குடியிருக்கும். பூவிதழ் போன்ற அதன் கரங்களில் நஞ்சூசிகள் உண்டு; வேறு சிறு மீன் தொட்டால் பிழைக்காது. கோமாளி மீனின் உடலிலுள்ள வழுவழுப்பான பூச்சு அந்நஞ்சிலிருந்து அதனைக் காக்கிறது. எனவே வீட்டுத் தொட்டியிலும் கடற்சாமந்தி இருந்தாக வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. தொட்டியில் பகை மீன் இல்லாதபோது காவலுக்குத் தேவையில்லை. கடற்சாமந்தி இல்லாமலே இம்மீன் இணை சேரும், முட்டையிடும், குஞ்சு பொரிக்கும். இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொட்டிக்கென்று கடற்சாமந்தியைப் பெயர்த்து வரவும், அலங்காரத்திற்கென்று பவளத்தை உடைத்து வரவும் யாரும் துணியலாகாது. உயிருள்ள பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எடுத்தவர் சிறை செல்ல நேரும். மேலும் 2010-இலும் 2016-இலும் கடல் நீர் வெப்பமிகுதியால் நமது பவளங்கள் வெளுத்து, பல இடங்களில் மடிந்ததை இங்குள்ள மீனவர்கள் நேரிற் கண்டிருக்கிறார்கள். இனி அதனிடமிருந்து எதையும் கேட்கும் நிலையில் நாம் இல்லை. கடலிலிருந்து எடுக்காமல் வீட்டில் உற்பத்தி செய்வதே இத்தொழிலின் பெருமை.

இது சோதனை நிலையில் உள்ள காரியமும் அன்று. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், அதன் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னரும், மண்டபத்திலுள்ள தன் கிளையில் செபே மீனைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்து, அம்முறையை 2001-இலேயே வெளியிட்டது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இத்துறையில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. எனவே வழி தெரிந்த வழியே. அவ்வழியை ஒரு வீட்டுக் கொல்லையில் நடத்த இயலுமா என்பதுதான் நமது கேள்வி.

நீரிலிருந்து தொடங்குவோம். கடல் அருகில் இருப்பதால் நீருக்குக் குறைவில்லை என்று நினைத்தல் வேண்டா. இம்மீனுக்கு வேண்டுவது ஆயிரத்தில் 30 முதல் 35 பங்கு உப்புள்ள, 26 முதல் 29 டிகிரி வெப்பமுள்ள, கலங்கல் இல்லாத நீர். தென்கடலும் வடகடலும் அடுத்தடுத்துள்ள நமக்கு ஒரு வசதி உண்டு. தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் மாறிவரும். எந்தக் கடல் தெளிந்திருக்கிறதோ அங்கு நீர் முகக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீரின் உப்பு குறைந்துவிடுமாதலால், மழைக்கு முன்பே சேமித்தல் நலம். கொண்டுவந்த நீரை மணலில் வடிகட்டி, பிளீச்சிங் தூள் இட்டுத் தூய்மை செய்து, குளோரின் முற்றிலும் நீங்கும்வரை காற்றடித்து, மூடிய இருண்ட தொட்டியில் வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

வெயிலில் தொட்டி நீர் வற்றும்போது எதனை ஊற்றி ஈடு செய்வது? கடல் நீரை ஊற்றுகிறவர்கள் பலர். ஆவியாகிச் செல்வது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்குகிறது. மீண்டும் கடல் நீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறி மீன் நலியும். உவர் நிலத்தில் பயிர் செய்த உழவருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. வற்றிய அளவுக்கு நல்ல நீரையே ஊற்றவேண்டும். உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். நாவினால் சுவைத்துச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.

புதிய தொட்டியில் அன்றே மீனை விடுதலும் ஆகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்கிருமிகள் வடிகட்டியிலுள்ள கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். எருக்குழி பக்குவப்படுமுன் எருவை வயலில் கொட்டுவோமா? அவ்வாறே தொட்டியும் பக்குவப்பட வேண்டும். மானியம் வந்த வாரத்தில் தொட்டி, மறுவாரத்தில் மீன், அதற்கடுத்த வாரத்தில் புகைப்படம் என்று அவசரப்படும் அலுவலர்கள் எவரேனும் வந்தால், ஆறு வாரம் பொறுக்கச் சொல்லி நீங்களே தடுக்கலாம். என் அலுவலகத்தார்க்கும் இது பொருந்தும்.

இனி இணை சேர்க்கும் முறை. இம்மீனின் இயல்பு விசித்திரமானது. பிறக்கும்போது எதுவும் பெண்ணன்று. ஒரு கூட்டத்தில் எது பெரிதாக வளர்ந்து மற்றவற்றை அடக்குகிறதோ அது பெண்ணாக மாறும், அதற்கடுத்தது ஆணாகும், எஞ்சியவை வளராமலே நிற்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறி, கீழே நின்றவற்றுள் பெரியது ஆணாகிவிடும். ஆகவே ஆண், பெண் என்று பிரித்து வாங்க வேண்டியதில்லை. நான்கு முதல் ஆறு இளம் மீன்களை ஒரு தொட்டியில் விட்டுச் சில மாதங்கள் கவனித்தால் இரண்டு மட்டும் ஒன்றையொன்று விடாமல் ஒரு மூலையைக் காவல் காக்கும். பிறவற்றைக் கடித்து விரட்டும். கடிபடுகின்றவற்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பெண் இறந்துபோன தொட்டிக்கு மறுபடியும் பெரிய மீன் ஒன்றை விலைகொடுத்து வாங்கி விடுகிறவர்கள் ஏமாறுவர். இரண்டும் போரிட்டு மடியும். எஞ்சிய மீனைவிடச் சிறியதொன்றை விட்டுப் பொறுமையாகக் காத்திருப்பதே வழி.

ஓர் இணைக்கு நூறு முதல் இருநூறு லிட்டர் கொண்ட தொட்டி போதும். இறால், மட்டிச் சதை, கணவாய் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். இவை நமது கரையில் கிடைப்பவையே. உண்ணாமல் விட்டதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். முட்டையிடுவதற்கு விலையுயர்ந்த சாதனம் ஏதும் தேவையில்லை. ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலும், தரையில் பதிக்கும் ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்தாலும் போதும். இணை பக்குவமானதும் அதனை வாயால் துடைத்துச் சுத்தம் செய்து, பெரும்பாலும் பகலில் முட்டையிடும். ஒரு முறைக்குச் சில நூறு முட்டைகள் இருக்கும். பின்னர் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கொருமுறை முட்டையிடல் தொடரும். முட்டையைக் காப்பது ஆண்மீனே. சிறகினால் ஓயாமல் விசிறிக் காற்றோட்டம் தருவதும், கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி எறிவதும் அதன் கடமை. முதலில் செம்மஞ்சளாக இருக்கும் முட்டை நாளடைவில் கருத்து, உள்ளிருக்கும் குஞ்சின் கண்கள் வெள்ளியாய் மின்னும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, விளக்கணைத்து ஓரிரு மணி நேரம் கழிந்தபின், இருளில் குஞ்சு பொரிக்கும்.

இதுவரை சொன்னவற்றில் ஒரு கறவை மாட்டைப் பேணுவதைவிடக் கடினமானது ஒன்றுமில்லை. பொரித்த மறுநாள் காலையில்தான் தொழிலின் உண்மையான சோதனை தொடங்குகிறது. வெளிவந்த குஞ்சின் நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர். அதன் வயிற்றில் கருவுணவு மிகச் சிறிதே மிஞ்சியிருக்கும். நறுக்கிய இறாலையோ பொடித் தீவனத்தையோ அது தொடாது. கண்ணெதிரே உயிரோடு நீந்தும் இரையையே கொத்தும். அந்த இரையும் அதன் வாய்க்குள் நுழையும் அளவினதாக இருத்தல் வேண்டும். அத்தகைய இரை ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர். கண்ணுக்குத் தூசி போலவே தோன்றும். குஞ்சுத் தொட்டியில் ஒவ்வொரு மில்லி நீருக்கும் ஐந்து முதல் பத்து ரோட்டிஃபர் எப்போதும் இருக்குமாறு, முதல் எட்டுப் பத்து நாட்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டிஃபர் எதனைத் தின்னும்? கடல் நீரில் வளரும் பச்சை நுண்பாசியைத் தின்னும். பாசி எதனைத் தின்னும்? வெயிலையும் உரத்தையும் தின்னும். வெளித்தொட்டியில் பாசி வளர்க்க ஆயிரம் லிட்டர் கடல் நீருக்கு அம்மோனியம் சல்பேட் 100 கிராம், சூப்பர் பாஸ்பேட் 10 கிராம், யூரியா 10 கிராம் என்பது நமது நாட்டுக் குஞ்சுப் பண்ணைகளில் வழக்கமான அளவு. உழவர்களே, உங்கள் கடையிலுள்ள உரமேதான்!

ஆகவே கோமாளி மீன் வளர்ப்பவர் முதலில் பாசி விவசாயி. அடுத்து ரோட்டிஃபர் மேய்ப்பவர். மூன்றாவதாகத்தான் மீன் வளர்ப்பவர். மாடு ஈன்றபின் தீவனப்புல்லுக்கு விதை தேடுவாருண்டோ? முட்டை இடப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பாசித் தொட்டி பச்சையாகவும், ரோட்டிஃபர் தொட்டி நிறைந்தும் இருத்தல் வேண்டும்.

கடற்கரைக் கிராமம் ஒன்றில் மகளிர் குழுவினரின் கூடத்தைப் பார்க்க நேர்ந்தது. சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. இரண்டு இணைகள் நன்கு முட்டையிட்டன. மூன்று முறை குஞ்சும் பொரித்தது. மூன்று முறையும் நான்காம் நாள் காலையில் தொட்டியின் அடியில் குஞ்சுகள் சாம்பல் படிந்தாற்போலக் கிடந்தன. நோய் என்று கருதி மருந்துக்கும் செலவு செய்திருந்தார்கள். அது நோயன்று, பட்டினி. அவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் ரோட்டிஃபரைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, ஒரு குப்பியில் அதனைக் கொடுத்துச் சென்றிருந்தார். குப்பியிலிருந்தது இரண்டு வாரத்தில் அழிந்துவிட்டது. “முட்டை வைத்தால் போதும் என்றல்லவா சொன்னார்கள், ஐயா!” என்று அக்குழுத் தலைவியார் என்னிடம் கேட்டார். அவர் பெயரில் வங்கிக் கடன் நின்றுகொண்டிருந்தது.

ரோட்டிஃபர் சாதகமான நிலையில் ஒன்றிரண்டு நாளில் இரண்டு மடங்காகும். வேறு நுண்ணுயிர் புகுந்தாலோ, இரை குறைந்தாலோ, ஒரே இரவில் அழியும். விதைநெல்லை ஒரே குதிரில் வைக்கலாகாது என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வண்ணமே பாசியையும் ரோட்டிஃபரையும் குறைந்தது இரண்டு வீடுகளில், தனித்தனிப் பாத்திரங்களில், தனித்தனி வலைத்துணியும் குழாயும் கொண்டு பேணவேண்டும். ஒரு வீட்டில் அழிந்தால் மறுவீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரு வீட்டாரும் பேசிக்கொள்ளாத நிலை இருக்குமானால், முதலில் அதனைத் தீர்த்துவிட்டு மீனைத் தொடங்குங்கள்.

ஒரு வாரத்திற்குப் பின் ரோட்டிஃபருடன் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆர்ட்டீமியா என்பது உப்பளங்களில் வாழும் சிற்றுயிர். அதன் முட்டை உலர்ந்த பொடியாக டப்பாக்களில் விற்கிறது. கடல் நீரில் இட்டுக் காற்றடித்தால் ஒரு நாளில் பொரிக்கும். பத்து முதல் பதினைந்து நாட்களுக்குள் மீன் குஞ்சு வடிவம் மாறி, அடியில் இறங்கி, வெண்பட்டை தோன்றத் தொடங்கும். அந்தப் பட்டையைக் கண்டபின் வளர்ப்பவர் நிம்மதியாக உறங்கலாம். அதன்பின் சாவு குறைவு. பொடித் தீவனத்தையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். விற்கத்தக்க அளவான ஓர் அங்குலத்தை எட்ட மூன்று நான்கு மாதங்களோ, அதற்குச் சற்று மேலோ ஆகும்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். முட்டை முதல் விற்பனை வரை யாவற்றையும் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய முற்படுதல் வேண்டா. நெல்லில் நாற்றங்கால் ஓரிடம், நடவு வயல் பலவிடம் அன்றோ? அவ்வாறே ஊருக்கு ஒரு குழு, பயிற்சியும் பொறுமையும் உடைய நால்வரோ ஐவரோ, இணைகளையும் பாசியையும் ரோட்டிஃபரையும் வைத்துக் குஞ்சு உற்பத்தி செய்யட்டும். வெண்பட்டை தோன்றிய குஞ்சுகளை மற்ற வீட்டார் வாங்கி மூன்று மாதம் வளர்த்து விற்கட்டும். வளர்க்கும் வீட்டாருக்கு வேண்டுவது இரண்டு மூன்று தொட்டிகளும், காற்றுக் குழாயும், நாளுக்கு இரண்டு வேளை கவனமுமே. முதலாண்டில் குஞ்சுக் கூடமும் வேண்டா. ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ நம்பத்தக்க பண்ணையிலிருந்தோ குஞ்சு வாங்கி வளர்த்துப் பழகுங்கள். அந்த ஓராண்டில் நீரையும் சந்தையையும் ஒருசேரக் கற்றுக்கொள்வீர்கள்.

துண்டுப் பிரசுரங்களில் ஒரு கணக்குப் போடுவார்கள். மாதம் இரு முறை, முறைக்கு 300 குஞ்சு, ஆண்டுக்கு 7,200 குஞ்சு, இத்தனை ரூபாய் வீதம் இத்தனை இலட்சம் என்று அது போகும். பெருக்கல் சரிதான். அதில் பட்டினியில் மடிந்த குஞ்சும், மின்சாரம் நின்ற இரவும், வெண்பட்டை கோணலாக அமைந்து விலைபோகாத மீனும் சேரவில்லை. பத்து இணை வைத்திருக்கும் பண்ணைக்காரரும் தம் கணக்கில் பாதிக்கு மேல் எதிர்பார்க்காமல் தொழில் நடத்துவதே விவேகம். விலை, மீனின் வகைக்கும் அளவுக்கும் பட்டையின் அழகுக்கும் ஏற்ப மாறுவது. தொட்டி வாங்கும் முன்பே, சென்னைக் கொளத்தூர் போன்ற அலங்கார மீன் சந்தைகளுக்குக் குழுவிலிருந்து இருவர் நேரிற் சென்று, எந்த வகையை, எந்த அளவில், மாதம் எத்தனை எடுத்துக்கொள்வார்கள் என்று இரண்டு மூன்று வியாபாரிகளிடம் கேட்டு எழுதி வரவேண்டும். கடல் மீன் தொட்டி வைத்திருப்போர் நன்னீர் மீன் வைத்திருப்போரைவிட மிகக் குறைவு. ஒரே மாவட்டத்தில் ஐம்பது ஊர்களும் இத்தொழிலில் இறங்கினால் விலை வீழும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். காற்றுக் குழாய் நின்றால் நெருக்கமான தொட்டியில் மீன் சில மணி நேரமே தாங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டாப் பகுதிக் கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. மின்கலத்தால் இயங்கும் காற்றுக் கருவியைத் தொட்டியோடு சேர்த்தே வாங்கவேண்டும். அதற்குப் பணமில்லையெனில் ஒரு தொட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தகரக் கொட்டகையினும் கீற்றுக் கொட்டகை மேலானது. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் நீர் சுடுவதைக் கையிட்டுப் பார்த்தாலே தெரியும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தனியே கவனிக்க வேண்டியது கழிவு நீர். தொட்டியை வாரந்தோறும் சுத்தம் செய்யும்போது வெளியேறுவது உப்பு நீர். அதனைத் தெருச் சாக்கடையிலோ கொல்லையிலோ கொட்டினால் அருகிலுள்ள ஊற்றும் கிணறும் உவர்த்துவிடும். ஒரு குடம் குடிநீருக்கு நம் பெண்கள் நடக்கும் தூரம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டின் வருமானத்திற்காக ஒரு தெருவின் கிணறு கெடுதல் கூடாது. குடிநீர்க் கிணற்றிலிருந்து தள்ளியே கூடம் அமையவேண்டும் என்றும், கழிவு நீரைப் பிளீச்சிங் தூள் இட்டுத் தூய்மை செய்து, குளோரின் நீங்கியபின் கடலுக்கே கொண்டுசென்று விடவேண்டும் என்றும் ஊராட்சியில் தீர்மானம் இயற்றுங்கள். வெளியிடத்து மீனைக் கடலில் விடலாகாது என்பதையும் அத்தீர்மானத்திலேயே சேர்க்கலாம். அந்தமான் மீனும் நோயும் நமது வளைகுடாவிற்குப் புதியவை.

உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கும் உழவர் பெருமக்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கடலிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருப்போர் கோமாளி மீனில் இறங்கவேண்டா. செயற்கை உப்பு வாங்கிக் கரைத்துச் செய்யலாம் என்பார்கள், செய்யலாம், கட்டுப்படியாகாது. உங்களுக்குக் கப்பி, மோலி, பொன்மீன் முதலிய நன்னீர் வகைகள் உள்ளன. கப்பியும் மோலியும் குஞ்சாகவே ஈனுபவை. பிறந்த குஞ்சு பொடித் தீவனமும் தின்னும். கிணற்று நீரில், சிமென்ட் தொட்டியில் நடத்தக்கூடிய தொழில் அது. விலை குறைவு, ஆனால் கேட்பவர் பலர்.

மானியத்தைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். 2020-இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் கூடத்திற்கு 3 இலட்சம் ரூபாய் செலவு மதிப்பு வகுக்கப்பட்டது. நன்னீர், கடல்நீர் இரண்டிற்கும் அது பொருந்தும். அம்மதிப்பில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று விதி செய்யப்பட்டது. எஞ்சிய தொகை உங்கள் கைப்பணமோ கடனோ ஆகும் என்பதை மறவாதீர்கள். இந்த ஆண்டு எவ்விதிகள் நடப்பில் உள்ளன, நிதி எவ்வளவு மிச்சம் என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே மனு எழுதுங்கள்.

மனுவோடு மூன்று தாள்களை இணைத்துக் கொண்டுவருமாறு கோருகிறேன். வியாபாரிகளிடம் கேட்டெழுதிய விலை விவரம் ஒன்று. கழிவு நீர் பற்றிய ஊராட்சித் தீர்மானத்தின் நகல் மற்றொன்று. குழுவில் பாசியையும் ரோட்டிஃபரையும் பேணப்போகும் இரு வீட்டாரின் கையொப்பம் மூன்றாவது. இம்மூன்றும் உள்ள மனுக்களை முதலில் எடுத்துக்கொள்வேன். பயிற்சிக்குச் செல்ல விரும்பும் பெண்கள் இன்று உணவு வேளைக்குப் பிறகு வாயிலருகே அமர்ந்திருக்கும் எழுத்தரிடம் தங்கள் பெயரைப் பதிந்து செல்லலாம். பின்புற அறையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் ரோட்டிஃபரும், அதனைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைக்கப்பட்டிருக்கின்றன. மீனைப் பார்ப்பதற்கு முன் அதனைப் பார்த்துவிட்டு வாருங்கள்.